பொத்தானின் வயிறு

பட்டினி போட்டால் முயல் தன் கழிவைத் தானே தின்னுமாம். எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் பெண் சொன்னாள். அவள் கண்ணால் பார்த்ததில்லை. அவளுக்கு முடி வெட்டுகிறவள் சொன்னது. முடி வெட்டுகிறவளும் பார்க்கவில்லை. அவளிடம் வரும் யாரோ ஒருத்தியின் தெருவில் நடந்ததாம். ஒரு வீட்டில் முயலைக் கூண்டில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட, அது பசி தாளாமல் குனிந்து குனிந்து தன் பின்பக்கத்திலிருந்தே எடுத்துத் தின்றதாம். அக்கம்பக்கத்தார் பார்த்துப் புகார் கொடுத்து, ஆட்கள் வந்து முயலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். "அந்த வீட்டுப் பொண்ணு ஆசையா வளர்த்ததாம் அது. இன்னிக்கு வரைக்கும் அப்பன்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லையாம்" என்று முடித்துவிட்டு, லிப்ட் நின்றதும் அவள் இறங்கிப் போய்விட்டாள்.

சாப்பாட்டு வண்டியைப் பிடித்தபடி லிப்டுக்குள் நின்றிருந்த தட்டுக்காரர் அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாடியில் கதவு திறந்தது, மூடியது. அவர் இறங்கவேண்டிய மாடி அதுதான். இறங்கவில்லை. வண்டியில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. அன்று விடிகிற நேரத்தில் அவர் வீட்டு முயலும் அதையேதான் செய்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைத் தட்டுக்காரர் என்றால்தான் தெரியும். சமையலறையிலிருந்து வார்டுகளுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கொடுப்பதும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வாங்குவதும் வேலை. கொடுப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வாங்குவதில்தான் இருக்கிறது விஷயம். மூடியைத் திறக்காமலே, கையில் வாங்கிய கனத்திலேயே, உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டுக் காலித் தட்டை நீட்டுகிறவர்களின் முழியைப் பார்த்தே கண்டுபிடிப்பார். தட்டெல்லாம் காலியாக வந்தால் அன்றைக்கு அவர் நடையே வேறு. தொடாத தட்டு ஒன்று திரும்பி வந்துவிட்டால் நர்ஸுகளின் மேஜைக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். யாராவது நிமிர்ந்து பார்க்கிறவரை நகரமாட்டார். நகரமாட்டார் என்றால் சும்மா நிற்பார் என்று அர்த்தமில்லை. விரலால் மேஜையில் தட்டுவார், கால் மாற்றி மாற்றி நிற்பார், பேனாக்களை எடுத்து நேராக அடுக்குவார். அந்தத் தொல்லை தாங்காமலே யாராவது எழுந்துபோய் அந்த நோயாளியைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

பொதுவாகவே அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வீட்டில் டிவியை நின்றுகொண்டுதான் பார்ப்பார். சாப்பிடுவதும் அடுப்பங்கரை மேடையோரம் நின்றுதான். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத திருகாணியை முடுக்கி, அடுத்தவர் காதுக்கும் மூக்குக்கும் பொருந்துகிறவரை வளைத்து வளைத்துப் பார்க்கிற பொறுமைசாலி. "உக்காருங்களேன், நாற்காலிக்கு ஒண்ணும் வலிக்காது" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போயிற்று.

தட்டுக்காரருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பரிமாறும்போது நோயாளிகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொல்வார்கள்: "கொஞ்சம் போதும்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நம்பிக் கொஞ்சமாகவே வைத்திருக்கிறார். அப்புறம் அந்த ஆட்களே பக்கத்துக் கட்டிலின் தட்டை எட்டிப் பார்ப்பதைக் கவனித்தார். அன்றிலிருந்து அவரைப் பொறுத்தவரை ‘கொஞ்சம் போதும்’ என்றால் ‘கேட்கக் கூச்சமாக இருக்கிறது, நீங்களே பார்த்துப் போடுங்கள்’ என்றுதான் பொருள். பார்த்துப் போடுவார். ஒரு கரண்டி கூடவே போடுவார்.

இப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகளாக வளர்வது லேசுப்பட்ட காரியமில்லை. "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்தால் "என்ன சாப்பிட்ட", "எவ்வளவு", "வயிறு ரொம்பிச்சா" என்று வரிசையாக வரும். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பதில் சொல்லப் பழகிவிட்டாள்: "சாப்பிட்டேன், ரொட்டி, ரெண்டு, ரொம்பிச்சு." அவள் இப்போது வேறு ஊரில் கிரேன் ஓட்டப் பயிற்சி எடுக்கிறாள். வானத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து, கீழே இருக்கிறவர்களின் கையசைவைப் பார்த்து இரும்பைத் தூக்கி இறக்குகிற வேலை. "அங்க மேல யாரும் வந்து சாப்பிட்டியான்னு கேக்க மாட்டாங்க, அதான்" என்று ஒருதடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது அவருக்கு உறைத்தது.

பயிற்சிக்கு இடம் கிடைப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவள் முயல் குட்டியை வாங்கியிருந்தாள். சாம்பல் நிறம், கால்களை மடக்கி உட்கார்ந்தால் கோட்டுப் பொத்தான் மாதிரி உருண்டையாக இருந்ததால் பொத்தான் என்று பெயர். விடுதியில் பிராணிகளை விடமாட்டார்கள். தோழி ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அதற்குத் தட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்க ரெண்டு பேர் வீட்ல குத்துக்கல்லாட்டம் இருக்கோம், எவளோ ஒருத்தி எதுக்கு?" என்று நாள் முழுக்க நின்றபடியும் நடந்தபடியும் கேட்டார். மகள் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"இவர்கிட்டயாம்மா?"

"நானும்தான இருக்கேன், விட்டுட்டுப் போ" என்றாள் அம்மா.

‘இவர்கிட்டயா’ என்ற அந்த ஒரு சொல் அவருக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. மகள் திரும்பி வரும்போது முயலை வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே அப்பா" என்று சொல்லவேண்டும். அதைவிடப் பெரிதாக அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கிளம்புகிற அன்றைக்கு வாசலில் நின்று அவள் எல்லாம் சொல்லித்தான் போனாள். "புல்லு எப்பவும் ரொம்பி வழியணும்பா, அது முக்கியம். கிண்ணத்துல தீனி கொஞ்சம் போதும், காலையில ஒரு தடவை. தண்ணி எப்பவும் இருக்கணும். பழம், கேரட் எல்லாம் ஆசைக்கு ஒரு துண்டு. புதுசா எதையும் திடீர்னு குடுத்துடாதீங்க, வயிறு கெட்டுடும்." தட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே அவளுடைய பையில் வழிச் சாப்பாடு இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தார். காதில் தங்கியது ‘கொஞ்சம் போதும்’ ஒன்றுதான். அதற்கு என்ன பொருள் என்பது அவருக்குத்தான் தெரியுமே.

காய்ந்த புல் ஒரு பெரிய மூட்டையாக வந்திருந்தது. தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். உலர்ந்து, வெளிறி, குச்சி குச்சியாக இருந்தது. இதில் என்ன சாரம் இருக்கும்? படுக்கைக்குத்தான் என்று முடிவு கட்டினார். தினமும் காலையில் பழையதை வாரிப் போட்டுவிட்டு, புதுப் புல்லைக் கூண்டுக்குள் சுருக்கமில்லாமல் பரப்பி, நாலு மூலையிலும் அமுக்கிவிடுவார். வார்டில் கட்டில் விரிப்பைக்கூட அத்தனை சுத்தமாகப் போடமாட்டார்கள். முயல் அதன்மேலேயே உட்கார்ந்து, அதன்மேலேயே கழித்து, நடுநடுவே ஓரிரண்டு குச்சியைக் கடித்தது. "பாவம், வாய் சும்மா இருக்கமாட்டேங்குது, மெத்தையைக் கடிக்குது" என்று ஒரு பிடித் தீனி கூடப் போட்டார். அதுவரைக்கும்கூட ஓரளவு அடக்கமாகத்தான் இருந்தார். விடியற்காலையில் அந்தக் காட்சியையும், லிப்டில் அந்தக் கதையையும் ஒரே நாளில் எதிர்கொண்ட பிறகுதான் கை கட்டுக்கடங்காமல் போயிற்று.

அன்று வேலைக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாலேயே பார்த்தார். முயல் முன்னங்கால்களை ஊன்றி, தலையைத் தன் வயிற்றுக்குக் கீழே நுழைத்து, எதையோ வாயில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து மெல்லாமல் விழுங்கியது. முதலில் புரியவில்லை. புரிந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவி பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு கொடுப்பதே தொழிலாக இருக்கிறவன் வீட்டில் ஓர் உயிர் இப்படிப் பசியில் கிடந்தது என்று எந்த முகத்தோடு சொல்வது?

அன்று சாயங்காலத்திலிருந்து கிண்ணம் காலியாக விடப்படவில்லை. கடையில் வாங்கிய உருண்டைத் தீனி, ரொட்டியின் ஓரம், வாழைப்பழத் துண்டு, பிஸ்கட், முழுக் கேரட். டப்பா மூடியின் சத்தம் கேட்டாலே முயல் பின்னங்காலில் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டது. கிண்ணம் பளபளவென்று காலியாயிற்று. அதைக் கையில் எடுத்து, கனம் பார்த்து, தட்டுக்காரர் தனக்குத்தானே தலையசைத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் விடியலிலும் முயல் குனிந்தது. அதற்கடுத்த விடியலிலும். எவ்வளவு போட்டாலும் குனிவது நிற்கவில்லை. அவர் இன்னும் போட்டார். மனைவி தூங்கி எழுவதற்குமுன் ஒரு தடவை, வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை, டிவிக்கு முன்னால் நின்றபடி ஒரு தடவை. மனைவிக்குத் தெரியாது. அவளும் கடையிலிருந்து வந்ததும் கிண்ணம் காலியாகக் கிடக்கிறதே என்று ஒரு கை போட்டுக்கொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

மகள் சாயங்காலங்களில் வீடியோவில் கூப்பிடுவாள். அப்பாவிடம் நாலு வார்த்தை, முயலிடம் நாற்பது.

"என்னப்பா, இவன் கழுத்து எங்க?"

"குளிருக்கு முடி அடர்த்தியாகுதும்மா."

"நேத்துதான வெயில் கொளுத்துதுன்னு சொன்னீங்க."

சமையலறையிலிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தட்டுக்காரர் போனை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார்.

"புல்லெல்லாம் சரியாப் போடறீங்களா?"

"புல்லா? தினமும் டாண்ணு மாத்திடறேன். ஒருநாள் விட்டதில்ல."

"அப்ப சரி" என்றாள் மகள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு விடியலில் முயல் குனியவில்லை. அடுத்த நாளும் குனியவில்லை. தட்டுக்காரருக்குத் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. பசி தீர்ந்துவிட்டது, கடைசியில் வயிறு நிறைந்துவிட்டது. அன்றைக்கு வார்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டே சீட்டியடித்தார். நர்ஸ் ஒருத்தி வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

வீட்டில் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, கூண்டுப் பக்கம் என்ன வாடை? இங்க பாருங்க, பின்னாடியெல்லாம் பசை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு." வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டாள். அவளுடைய விரல்கள் முயலின் முதுகில் அழுந்தித் தேடின. "எலும்பே கைக்குத் தட்டுப்படல. என்ன போடறீங்க இதுக்கு?"

"நல்லா சாப்பிடுது. நல்லா சாப்பிட்டா உடம்பு நல்லாத்தான் இருக்கும்."

"நீங்க டாக்டரா?"

"டாக்டருக்கே நான்தான் சொல்லணும், யாரு சாப்பிட்டா யாரு சாப்பிடலன்னு."

ஆனால் இன்று காலையில் கிண்ணம் நிறைந்தே கிடந்தது.

அவர் அதை எடுத்தார். கனத்தது. நேற்று இரவு போட்ட தீனி, அதன்மேல் வாடிப்போன வாழைப்பழத் துண்டு, ஒன்றும் தொடப்படவில்லை. முயல் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்தபடி உட்கார்ந்திருந்தது. டப்பா மூடியைத் திறந்து மூடிக் காட்டினார். காதுகூட அசையவில்லை. தொடாத தட்டு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாததா? ஆனாலும் வேலைக்குப் போனார். போய், முதல் வார்டைக்கூட முடிக்க முடியவில்லை. வண்டியை நடைவழியில் விட்டுவிட்டு முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தவரை வார்டு ஆயா பிடித்துக்கொண்டாள். வார்டில் படுத்த நோயாளிகளின் பெட்பேனை எடுப்பதும் கழுவுவதும் அவள் பொறுப்பு. அவரைவிட மூத்தவள்; அவரைவிட வாய் நீளம்.

"என்ன தம்பி, எந்தக் கட்டில் சாப்பிடல? மூஞ்சி இப்படித் தொங்குது?"

"கட்டில் இல்லக்கா. வீட்ல ஒருத்தன் சாப்பிடல."

"யாரு?"

"முயல்."

அவள் சிரிக்கவில்லை. "வெளிக்குப் போச்சா?"

"யாரு?"

"முயலுதான். உன்னையா கேக்கறேன்?"

அவர் யோசித்தார். இன்று காலை அவசரத்தில் மெத்தையை மாற்றவில்லை. நேற்று மாற்றினார். நேற்றுப் பழைய புல்லை வாரும்போது அதில் உருண்டையாக ஏதாவது இருந்ததா? நினைவில்லை. பார்த்ததே இல்லை.

"கவனிக்கலக்கா."

"நல்லா இருக்கு. இத்தனை வருஷமா உள்ள போறது உன் பாடு, வெளிய வர்றது என் பாடுன்னு பிரிச்சுக்கிட்டு ஓட்டியாச்சு. இங்க சரி. உன் வீட்ல எவ பாக்கறா அதை?" அவள் வண்டியின் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போ. நான் ஆள் பாத்துத் தள்ளச் சொல்றேன். வெளிய வரலன்னா அது சின்ன விஷயமில்ல. மனுசனுக்கே இல்ல."

சமையலறை மேலாளரிடம் விடுப்புக் கேட்டபோது, வீட்டில் சின்னவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். "உங்களுக்கு ஒரு பொண்ணுதான?" என்று அவர் கேட்டார். "இப்ப ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே தட்டுக்காரர் ஏப்ரனைக் கழற்றிவிட்டார்.

பஸ்ஸில் போன் அடித்தது. மகள். பகல் நேரத்தில் அவள் கூப்பிடுவதே இல்லை. திரையில் அவளுடைய மஞ்சள் ஹெல்மெட் படம் மின்னிக்கொண்டிருந்தது. எடுத்தால் "பொத்தான் எப்படி இருக்கான்" என்பாள். என்ன சொல்வது? அடித்து ஓய்கிறவரை போனைத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். மறுபடி அடித்தது. மறுபடியும் கவிழ்த்தார். அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார், இறங்க இன்னும் எத்தனையோ நிறுத்தங்கள் இருந்தும்.

அவர் போன் செய்து சொன்னதும் மனைவி கடையிலிருந்து நேராகப் பிராணி மருத்துவரிடம் வந்துவிட்டாள். கையில் கண்ணாடி துடைக்கிற துணியைக் கடையிலேயே வைத்துவிட மறந்து எடுத்துக்கொண்டே வந்திருந்தாள். காய்கறிக் கூடையில் துண்டைச் சுற்றிப் படுக்கவைத்து வீட்டிலிருந்து அவர் தூக்கிவந்த முயலை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். அவர் நடந்தார். சுவரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து சுவருக்கு.

"சார்" என்றார் நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர், "கொஞ்சம் உக்காருங்க சார். நீங்க நடக்க நடக்க இது உங்களைக் கடிக்கலாமான்னு கேக்குது."

"அவரு உக்கார மாட்டாரு. நீங்க நாயை வேணா உக்காரச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். முயலைத் தராசில் வைத்தாள், வயிற்றை விரல்களால் அமுக்கிப் பார்த்தாள், ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டாள். தட்டுக்காரர் மேஜை மேலிருந்த பேனாக்களை அடுக்க ஆரம்பித்திருந்தார்.

"நாலு மாசக் குட்டிக்கு இது அதிக எடை. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படணும், ஆனா குத்தக் கூடாது. இதுக்குத் தேடினாலும் கிடைக்கல. என்ன குடுக்கறீங்க?"

சொன்னார். ரொட்டி வந்ததும் அவள் புருவம் உயர்ந்தது. பிஸ்கட்டில் இன்னும் உயர்ந்தது. மனைவி நடுவில், "நானும் சாயங்காலம் ஒரு கை போடுவேன்" என்று சன்னமான குரலில் சொன்னாள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, புல்லு எவ்வளவு திங்குது?"

"மெத்தையா?" என்றார் தட்டுக்காரர்.

"மெத்தையா?" என்றாள் மருத்துவர்.

மருத்துவருக்கு விஷயம் புரிவதற்கு முன்பே மனைவிக்குப் புரிந்துவிட்டது; அவள் கண்ணாடித் துணியால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், அதுதான் அதோட சாப்பாடு" என்றாள் மருத்துவர். "மத்ததெல்லாம் தொட்டுக்கறதுக்கு. நீளமான புல்லு உள்ள போய்க்கிட்டே இருந்தாதான் குடல் நகரும். பல்லும் தேயும், இல்லேன்னா வளந்துக்கிட்டே போகும். வளர்ற குட்டிக்கு உருண்டைத் தீனி வேணும்தான், ஆனா அளந்து. பெரிசாக ஆக அதையும் குறைக்கணும். கிண்ணம் காலியா இருந்தா இது பட்டினின்னு அர்த்தமில்ல. புல்லு காலியா இருந்தாதான் பட்டினி."

அவர் இன்னும் ஒன்றைக் கேட்கவேண்டியிருந்தது. மனைவி பக்கம் பார்க்காமல் கேட்டார். "அது... விடியக்காலையில குனிஞ்சு தன்னோடதையே எடுத்துத் தின்னுது டாக்டர். பசியிலதான? அதைப் பாத்துதான் நான்..."

"பாத்தீங்களா? நல்லது. அது புழுக்கை இல்ல. மெத்துனு திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும், அதை நேரா வாயிலயே வாங்கிக்கும். புல்லுல இருக்கற சத்து ஒரு தடவையில இறங்காது, அதனால ரெண்டாவது தடவை உள்ள அனுப்புது. எல்லா முயலும் செய்யும். பசி இல்ல சார் அது. சமையல்."

"நடுவுல அது குனியறது நின்னுடுச்சே."

"தீனி அதிகமாயிட்டா அதை எடுத்துக்காது. அப்படியே விட்டுடும், பின்னாடி ஒட்டிக்கும். அப்பதான் வயிறு கெடவே ஆரம்பிச்சிருக்கு."

அவர் சீட்டியடித்த நாள். தட்டுக்காரர் அடுக்கிய பேனாக்களைக் கலைத்துவிட்டார்.

"பொழைச்சுக்குமா?" என்று கேட்டது மனைவி.

"குடல் நின்னுடல, ரொம்ப மெதுவா ஓடுது. வலிக்கு ஊசி போட்டிருக்கேன், தோலுக்கடியில தண்ணி ஏத்தியிருக்கேன். அடைப்பு மாதிரி எதுவும் கைக்குத் தெரியல. இந்தப் புல்லுப் பொடியைத் தண்ணியில குழைச்சு, ஊசியில்லாத சிரிஞ்சுல வாய் ஓரமா விடுங்க. கொஞ்சம் கொஞ்சமா, அது விழுங்க விழுங்க. அவசரப்பட்டா மூச்சுல போயிடும். இருட்டறதுக்குள்ள தானா ஒரு வாய் புல்லாவது கடிக்கணும், புழுக்கை விழணும். ரெண்டும் நடக்கலேன்னா உடனே திரும்பக் கொண்டுவாங்க, இங்கயே வெச்சுக்கறேன். ஆனா அப்ப என்னால உறுதியா எதுவும் சொல்ல முடியாது." கையைக் கழுவிக்கொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னொண்ணு. பக்கத்துல ஆள் இருக்கலாம், ஆனா நடமாட்டம் கூடாது. பயந்துட்டா குடல் இன்னும் இறுகிடும். சும்மா உக்காந்திருக்கணும்."

மனைவி முதல்தடவையாகச் சிரித்தாள். "ஊசிய அவருக்குப் போட்டிருக்கலாம் டாக்டர்."

வீட்டுக்கு வந்ததும் மெத்தைப் புல் மொத்தத்தையும் வெளியே எடுத்துப் போட்டார்கள். அவர் ஒவ்வொரு பிடியாகப் பிரித்துப் பார்த்தார். நாள் முழுக்க ஒரே ஒரு புழுக்கை. கோதுமை மணியளவு, கறுத்து, காய்ந்து. மூட்டையில் மிச்சமிருந்ததும் அடிப்பக்கம் நமுத்துப்போயிருந்தது. "பச்சை வாசனை இருக்கற நல்ல புல்லா வாங்கணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல. நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று மனைவி கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள். "உக்காந்திருப்பீங்களா?"

"உக்காந்திருப்பேன்."

"பொண்ணு கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா." அவர் தரையைப் பார்த்தார். "அடுத்த தடவை எடுத்துச் சொல்லிடறேன். எல்லாத்தையும்."

"சொல்லுங்க. மெத்தையையும் சேத்து."

போனை அவர் ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். சிரிஞ்சில் பச்சைக் குழம்பை நிரப்பி, முயலைத் துண்டில் சுற்றி, வாயோரத்தில் ஒரு சொட்டு விட்டார். விழுங்கியது. இன்னொரு சொட்டு. இதைவிடச் சின்னக் கரண்டியால் அவர் யாருக்கும் பரிமாறியதில்லை. குழம்பில் பாதி அதன் மோவாயில் வழிந்தது. போதும் என்று தோன்றிய இடத்தில், வாழ்க்கையில் முதல்தடவையாக, நிறுத்தினார்.

பிறகு முயலைத் தரையில் விட்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். மூட்டையின் மேற்பக்கத்தில் நல்லதாகப் பார்த்துத் தேடியெடுத்த ஒரு பிடிப் புல்லைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் தரையில் ஒரு சதுரமாகக் கிடந்தது; அது சுவர்ப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. முட்டி அரித்தது. சொறியவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டியது. எழுந்து மூடிவிடலாமா என்று கால் தானாக மடங்கப் பார்த்தது, அழுத்திப் பிடித்துக்கொண்டார். வார்டில் இந்நேரம் மாலைத் தட்டுகள் போய்க்கொண்டிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மகள் இப்படித்தான் அசையாமல் உட்கார்ந்திருப்பாளோ, கீழே ஒருவன் கை காட்டுகிறவரை? பகலில் எதற்குக் கூப்பிட்டாள்? அங்கே ஏதாவது ஆகியிருக்குமோ? அந்த நினைப்பு வந்ததும் உடம்பு பாதி எழுந்துவிட்டது. முயலின் காது சட்டென்று பின்னால் படுத்தது. மெதுவாக மறுபடி சாய்ந்தார்.

சதுர வெளிச்சம் சுவரில் ஏறி, மங்கி, ஆரஞ்சு நிறமாயிற்று. அப்போதுதான் முயல் கூனலை விட்டு முன்னே நகர்ந்தது. ஓர் அடி. நின்றது. இன்னோர் அடி. அதன் மூக்கு அவருடைய கால்சட்டை ஓரத்தில் பட்டது. தொடைமேல் இருந்த புல்லில் ஒரு குச்சியைப் பல்லால் பிடித்து, இழுத்து, பக்கவாட்டில் தாடையை அசைத்தது. கரக், கரக் என்று ஒரு சின்னச் சத்தம். தட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். குச்சி ஒரு விரல் நீளம் உள்ளே போயிற்று.

ஃபிரிட்ஜின் மேல் போன் அடித்தது.

மகளின் அழைப்புக்கு மட்டும் வருகிற மெட்டு. அவளே வைத்துக் கொடுத்தது. முயல் நிறுத்திவிட்டது. காதுகள் நிமிர்ந்து நின்றன, பாதிக் குச்சி வாயிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது எழுந்தால் அது மூலைக்கு ஓடிவிடும். ஃபிரிட்ஜ் நாலே எட்டு தூரத்தில்தான். வாசல் படியில் மனைவியின் காலடி கேட்கிறதா என்று பார்த்தார். கேட்கவில்லை. தொடை ஆடியது, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார். "இருடா கண்ணு, இருடா" என்று உதடு மட்டும் அசைந்தது. அதை முயலிடம் சொன்னாரா, மகளிடம் சொன்னாரா, அவருக்கே தெரியாது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. முயல் அவரைப் பார்த்தது. அவர் அசையவில்லை. தாடை ஒரு தடவை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வாயோரத்தில் நீட்டிக்கொண்டிருந்த குச்சி கொஞ்சம் குட்டையாயிற்று. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.